நின்றால் அணையும் பெட்டி

கார்டில் குற்றமில்லை. அந்த அலுவலகத்தின் மற்ற எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஜன்னலோர மேசைக்குக் கீழே நின்ற ஒரே ஒரு பெட்டிக்குள் போனால் மட்டும் அதற்கு வாய் கட்டிப்போயிற்று. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கரிச்சட்டியின் அடிபோலக் கறுத்துக் கிடக்கும்.

இன்னும் அஸ்திவாரமே தோண்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோலப் படம் போட்டுக் காட்டும் அலுவலகம் அது. வராத மாடியில் வராத வெயில் எந்தச் சுவரில் எந்தச் சாய்வில் விழும் என்பதுவரை காட்ட வேண்டும். அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டுதான் முதுகெலும்பு. பழைய கார்டு எரிந்துபோய், செங்கல் கனத்தில் புதிது ஒன்று வாங்கி, அதை மாட்டிய நாளிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது.

பெட்டியைப் பிழைக்க வைக்க அலுவலகமே திரண்டிருந்தது. முதலாளி, முதலாளியின் மச்சான், கணக்கு பார்க்கும் அக்கா. ஒருவன் மட்டும் தன் நாற்காலியை விட்டு எழவில்லை. அவனுக்கு அங்கே சுவர் என்று பெயர். எவ்வளவு பேசினாலும் எதிரொலிகூட வராது என்று மச்சான் வைத்த பெயர். மச்சான் தன் வாழ்நாளில் உருப்படியாகச் சொன்ன ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும் என்று அவனும் ஒப்புக்கொண்டிருந்தான்.

ஜன்னலோர மேசை அவனுடைய மனைவியுடையது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அவள் குள்ளம். நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பாள். அது இன்னும் அப்படியே, பெரியவர்கள் கூட்டத்தில் தப்பி வந்த பிள்ளைபோல, மேசைக்கு மேல் தலை காட்டாமல் நின்றது.

பெட்டியும் அவள் கட்டியதுதான். அந்த அலுவலகத்தின் எல்லாப் பெட்டிகளும் அவள் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவை. சர்வீஸ்காரர்களை அவள் வாசலோடு நிறுத்திவிடுவாள்.

அவன் முதலாளியிடம் ஏற்கெனவே கேட்டிருந்தான். "அந்தப் பெட்டி வேண்டாம்னா எனக்குக் குடுத்துடுங்க."

முதலாளி நல்ல மனிதர். அதாவது, தனக்குத் தேவையில்லாததைக் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார். "ஓடலைன்னா எடுத்துட்டுப் போப்பா. பழைய இரும்புல போடறதுக்கு உன் வீட்டுல இருக்கட்டும். ஓடிச்சுன்னா மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மச்சான் அந்த எடத்துல உக்காரணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். வீட்டுல அவன் அக்கா வேற..." என்று மீதியைக் கண்ணால் சொன்னார்.

எனவே சங்கதி எளிது. பெட்டி ஓடக்கூடாது. அதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போகிறான் என்று அவனுக்கே தெரியாது. இடம் மட்டும் பார்த்து வைத்திருந்தான். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அதில் சரியாக உட்காரும். பெட்டி ஓடாமலிருக்க அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இதில் விசேஷம். மச்சான் இருக்கப் பயமேன்?

மச்சான் முதல் நாள் 'டிரைவர்' என்றான். பெட்டியின் டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கார்டை ஓட்டும் மென்பொருளை அழித்தான், போட்டான், மறுபடி அழித்தான். அது கம்ப்யூட்டர் எழுந்த பிறகு வேலைக்கு வருவது. இங்கே திரையே எழவில்லை. வண்டி கிளம்பாததற்கு வழி தெரியாததுதான் காரணம் என்கிற மாதிரி. சுவர் அதைச் சொல்லவில்லை. முட்டாள்கள் தனக்காகக் கூலியில்லாமல் உழைப்பதை உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. ரொம்ப நாளாக அவனுக்கு வேறு சுகம் எதுவும் கிடைக்கவுமில்லை.

அடுத்து ஒரு கண்டுபிடிப்பு. பெட்டியை மேசைமேல் படுக்க வைத்து, மூடியைக் கழற்றி, கார்டை உருவி அதன் தங்கப் பற்களைத் துணியால் துடைத்து மாட்டினால் படம் வந்தது. மச்சான் துள்ளினான்.

"பாத்தீங்களா அத்தான்! தூசு. வெறும் தூசு. இதுக்குப்போய் கடைக்காரன திட்டினீங்களே!"

மூடியைப் போட்டு, பெட்டியைக் கீழே நிறுத்தினார்கள். திரை கறுத்தது. மறுபடி மேசை, மறுபடி துணி, மறுபடி படம், மறுபடி துள்ளல். கீழே நிறுத்தினால் மறுபடி இருட்டு. படுத்தால் உயிர், நின்றால் சவம். இதிலிருந்து மச்சான் ஒரு முடிவுக்கு வந்தான்: மேசைக்குக் கீழே இருக்கும் பிளக்கில் கோளாறு.

அக்காவின் மேசைப் பிளக்கிலிருந்து அறையின் குறுக்கே ஒரு நீள வயரை இழுத்துக் கொண்டுவந்தான். பெட்டி அப்போதும் இருண்டுதான் கிடந்தது. ஏன் என்று குனிந்து பார்க்கத் திரும்பியவன் தன் வயரிலேயே கால் இடறினான். அக்காவின் கம்ப்யூட்டர் அணைந்தது.

"ஐயோ பாவி! காலையில இருந்து அடிச்சதுடா! சேவ் பண்ணலடா!"

"அடிக்கடி சேவ் பண்ணணும்கா."

"அடிக்கடி நீ வந்து விழுவேன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

ஒன்றைப் பிழைக்க வைக்கப்போய் இரண்டாவதைக் கொன்றுவிட்டான். சுவர் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திரையில் கட்டப்படாத ஒரு வீட்டின் வரவேற்பறை இருந்தது. சோபாவுக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தான். வாங்கப்போகிறவர் 'சந்தோஷமான சாம்பல்' கேட்டிருந்தார். அந்த மனிதரையும் அவன் மனத்துக்குள் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான்.

அக்கா போன கணக்கை மறுபடி அடிக்க உட்கார்ந்தபடியே சொன்னாள். "ஏன் தம்பி இந்தப் பாடு? படுக்க வச்சே ஓட்டுங்களேன். படுத்தா நல்லா இருக்கேன்னு அதுவே சொல்லுதே."

"அக்கா, இது கம்ப்யூட்டர். உங்க வீட்டுக்காரர் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சுவரும் உதட்டைக் கொஞ்சம் அசைத்தான். காலையிலிருந்து அந்த அறையில் விழுந்த ஒரே புத்தியுள்ள பேச்சு அக்கா சொன்னதுதான்; ஆகவே யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. தானும் வாங்கவில்லை என்பது சற்றுக் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. படுத்தால் ஏன் ஓடுகிறது? இத்தனை தரம் கண்ணெதிரே நடந்தும் அந்தக் கேள்வியை அவன் தன்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவள் கட்டிய பெட்டியில் பழுது இருக்காது, மச்சானின் தலையில்தான் இருக்கும் என்று முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

முதலாளி ஜன்னலோர மேசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ராசியில்லாத எடம்பா அது." பிறகு அவன் இருப்பது ஞாபகம் வந்து, இருமல் வராமலே இருமினார்.

மதியத்துக்கு மேல் சர்வீஸ்காரர் வந்தார். ஹெல்மெட்டை அக்காவின் தாள்கள்மேல் வைத்தார். பெட்டியைத் தொடும் முன்பே, "மதர்போர்டு போயிருக்கும் சார்," என்றார். நாடியைப் பிடிக்காமலே பிழைக்காது என்று சொல்லும் வைத்தியர்களை அவன் ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்திருந்தான். இவர் பரவாயில்லை, செருப்பையாவது கழற்றிவிட்டு வந்திருந்தார்.

சர்வீஸ்காரர் பெட்டியை மேசைமேல் படுக்க வைத்தார். கார்டை உருவி மாட்டினார். படம் வந்தது. "பாத்தீங்களா சார்," என்றார், படத்தைத் தானே பெற்றதுபோல. மூடியைப் போடாமல் அப்படியே மேசைமேல் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினார். திரை அணைந்தது. "இதான் சார் நான் சொன்னது. போர்டுல நூல் கனத்துக்கு விரிசல். நிக்கும்போது விரியுது, படுத்தா மூடிக்குது. கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாத விரிசலை எப்படிக் கண்டார் என்று யாரும் கேட்கவில்லை.

மேசைமேல், மூடியில்லாமல், நிமிர்ந்து நின்ற பெட்டி அவன் கண்மட்டத்துக்கு வந்திருந்தது. இதுவரை அதை அப்படி யாரும் நிறுத்தவில்லை. படுக்க வைத்துத் திறந்தார்கள், மூடிவிட்டு நிறுத்தினார்கள். அவன் பார்த்தான். கார்டு தாழ்வாரம்போலக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வால் முனை மட்டம் தப்பி மேலே எழும்பியிருந்தது. அதிகமில்லை, நகக்கண் உயரம். கனத்தால் தொங்க வேண்டியது, கொக்கு பறக்க எத்தனிப்பதுபோல வாலைத் தூக்கிக்கொண்டிருந்தது. கீழே இருட்டுக்குள் கறுப்பாக ஏதோ அதை முட்டுக்கொடுத்து நின்றது.

அது என்னவென்று குனிந்து பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. பெட்டி கட்டிய அன்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது.

"கார்டு தொங்குது. உன் ரப்பரைக் குடு."

"ஏன், உன்னோடது?"

"என்னோடது புதுசு."

பென்சில் ரப்பர். அவன் யோசிக்கும்போது கடித்துக் கடித்து ஒரு மூலை பல் தடமாகிக் கிடந்தது. அவள் அதை வெட்டி, பழைய கார்டின் அடிக்கு மட்டம் பார்த்து, அசிங்கமாகத் தெரியாமலிருக்கக் கறுப்பு டேப் சுற்றி, பெட்டியின் அடித்தட்டில் ஒட்டினாள். அவ்வளவு கனமான கார்டு அத்தனை காலமும் ஒரு இம்மிகூடத் தொங்கவில்லை. புதிய கார்டு பழையதைவிடத் தடிமன். அதே ரப்பர் இப்போது அதை நெம்பியது. படுக்க வைத்தால் கார்டு தன் கனத்தாலேயே போர்டின் பள்ளத்தில் அழுந்தி உட்கார்ந்தது. நிறுத்தினால் கனம் கைவிட்டது. ரப்பர் வாலைத் தூக்கியது. தங்கப் பற்கள் பிடி நழுவின.

அவள் கட்டியதில் பழுது இருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தானே, பழுது அவள் வைத்ததுதான்.

அவன் சந்தோஷச் சாம்பலுக்குத் திரும்பினான். முகத்தில் எதுவும் இல்லை. சுவர் என்ற பெயருக்கு அன்று ஒரு மரியாதை வந்தது.

"புது போர்டு போட்டா?" என்றார் முதலாளி.

"இதுக்கு இப்ப போர்டு வர்றதில்ல சார். வேஸ்ட். கார்டை வேற பெட்டியில போட்டுக்குங்க."

முதலாளி அவன் பக்கம் திரும்பினார். "எடுத்துட்டுப் போப்பா."

அவ்வளவுதான். ஜெயித்துவிட்டான். அவன் எழுந்துபோய் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். முதலில் கீபோர்டு. பிறகு மவுஸ். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த சந்தைப் பெருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மச்சானுக்குத்தான் பொறுக்கவில்லை. உட்கார நினைத்த நாற்காலி போயிற்று. நாலு பேர் முன்னால் டிரைவர், தூசு, பிளக் என்று அடுக்கியதெல்லாம் பொய்த்துப்போயிற்று. யார் தலையிலாவது கட்ட வேண்டும். செத்தவர் தலை வசதி, திருப்பிப் பேசாது.

"நான் சொல்லக்கூடாதுன்னு பாத்தேன் அத்தான். இதக் கட்டினவங்க ஏதோ கோளாறு பண்ணி வச்சிருக்காங்க. பெட்டிக்குள்ள என்னத்தையோ கன்னாபின்னான்னு பண்ணியிருக்காங்க. வேலை தெரிஞ்சவங்க கட்டியிருந்தா இப்படி ஆகுமா?" அவன் பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பொதுவா சொன்னேன்," என்றான்.

இது முழுப் பொய்யாக இருந்திருந்தால் சுவர் மானிட்டர் வயரையும் கழற்றிக்கொண்டு போயிருப்பான். மச்சானின் பொய்களை மிதித்து நடந்து பழகிய கால் அது. ஆனால் இதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் உள்ளே குத்தியது. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்து ஒரு முட்டாள் சரியான மாங்காயை அடித்துவிட்டான். அடித்ததே அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமலே அந்த மாங்காயைக் காலமெல்லாம் தின்னப்போகிறான். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் சொல்வான்: இங்க ஒருத்தங்க இருந்தாங்க, பெட்டி கட்டத் தெரியாம...

சுவர் கழற்றிய வயர்களைத் திரும்ப மாட்டினான்.

"இங்க வா," என்றான்.

சுவர் பேசியதில் அக்காவின் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. மச்சான் வந்தான்.

"குனி. இன்னும். உனக்குக் குனியத் தெரியாதுன்னு தெரியும், இருந்தாலும் முயற்சி பண்ணு. கார்டுக்கு அடியில என்ன இருக்கு?"

மச்சான் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தான். "கறுப்பா ஏதோ..."

"அவ வச்சது. ரப்பர் முட்டு. பழைய கார்டுக்கு அளவெடுத்து வச்சது. புதுசு தடிமன். மாட்டினவன் யாரு?"

"நான்தாண்ணே."

"மாட்டும்போது இடிச்சிருக்குமே. என்ன பண்ணின?"

"கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. அமுக்கினேன்."

"அமுக்கினான்," என்றான் அவன் முதலாளியைப் பார்த்து.

சர்வீஸ்காரர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "நானும் அந்த மாதிரிதான் சார் ஏதோன்னு..."

"நீங்க நூல் விரிசல்னு சொன்னீங்க. செருப்பு வாசல்ல இருக்கு."

அவர் போனார். மச்சான் அதற்குள் நிமிர்ந்துவிட்டான், முகமும் மலர்ந்துவிட்டது. "அப்போ அவங்க வச்ச ரப்பர்தானேண்ணே பிரச்சினை? நானும் அதத்தானே சொன்னேன்!"

"ஆமா," என்றான் அவன். "அவ வச்ச ரப்பர்தான்."

உண்மையை அளவோடு சொல்லியாகிவிட்டது. அதை எடுத்துப்போய் மச்சான் என்ன செய்வான் என்பது அவன் கையில் இல்லை. குரங்கின் கையில் கொடுத்தாலும் அளவுகோல் அளவுகோல்தான்.

பெட்டியைப் படுக்க வைத்தான். கார்டைக் கழற்றினான். ரப்பரை அடித்தட்டிலிருந்து உரித்தெடுத்தான். டேப்பின் ஓரத்தில் தூசு முடியாகத் திரண்டிருந்தது. மச்சான் கையை நீட்டினான். "குடுங்கண்ணே, தூக்கிப் போட்டுடறேன். முடிஞ்சது கதை."

"போடு. கொஞ்ச நாள்ல கார்டு தொங்கும். பள்ளம் வாயைப் பிளக்கும். அப்புறம் ஆயுசுக்கும் படுக்க வச்சு ஓட்டு. அக்கா அப்பவே சொன்னாங்க, நீ ஜோக் அடிச்ச."

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, அத எங்கிட்ட குடு, நான் வெட்டித் தரேன்," என்றாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

டேப்பை அவிழ்த்தான். பல் தடம் இருந்த மூலையை அவள் கீழ்ப்பக்கமாக வைத்திருந்தாள். மேல்பக்கம் வெட்டு அவ்வளவு நேராக இருந்தது; அளவுகோல் வைத்து வெட்டியிருப்பாள். காகிதம் வெட்டும் கத்தியை எடுத்து மேலிருந்து சீவினான். வைத்துப் பார்த்தான். இன்னும் உயரம். இன்னொரு சீவல். அவன் வெட்டு கோணலாக விழுந்தது; திருத்தினான். வெள்ளைச் சீவல்கள் மேசையில் விழுந்தன. மறுபடி வைத்தான். கார்டின் அடி அதில் மெல்ல வந்து உட்கார்ந்தது, தூக்கவுமில்லை, தொங்கவுமில்லை. டேப் சுற்றினான். அழகாக வரவில்லை. ஒட்டினான்.

பெட்டியை நிமிர்த்தினான். மூடியைப் போட்டான். மேசைக்குக் கீழே, அது எப்போதும் நிற்கும் இடத்தில் நிறுத்தினான். பொத்தானை அழுத்தினான்.

திரை எழுந்தது.

முதலாளி கைதட்டினார். பிறகு கைதட்டியிருக்கக் கூடாதோ என்று கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "தம்பி... நீ கேட்டியே... நான்தான் சொன்னேனே, ஓடிச்சுன்னா..."

"சொன்னீங்க."

"வேற ஏதாவது பழைய பெட்டி வேணும்னா..."

"வேண்டாம்."

நல்ல மனிதர். எது தேவை, எது தேவையில்லை என்ற கணக்கு மட்டும் அவருக்குத் தப்பாது.

அவன் மேசையில் கிடந்த சீவல்களை ஊதினான். சில பறந்தன, சில கையில் ஒட்டிக்கொண்டன. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். திரையில் வரவேற்பறை காத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாம்பலை எடுத்து சோபாமேல் கொட்டினான். சந்தோஷமோ துக்கமோ, வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

ஜன்னல் பக்கம் மச்சான் உட்கார்ந்துவிட்டான். நாற்காலி அடிமட்டத்தில் இருந்ததால் மேசை அவன் மார்புக்கு வந்தது. முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில். திருமணப் பந்தலில் பிள்ளைகள் நாற்காலியில் மாட்டிக்கொண்ட மாமா மாதிரி இருந்தான். இடது கையால் அடியில் துழாவினான். வலது கையால் துழாவினான். எழுந்து, நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தான். அது உயரவில்லை.

"அண்ணே, இந்த நாற்காலிய எப்படி ஏத்தறது?"

லீவர் வலப்பக்கம். வெளியே இழுத்து, பாரத்தைக் கொஞ்சம் தூக்கினால் தானே மேலே வரும். அழுத்தினால் வராது. மச்சான் அழுத்திக்கொண்டிருந்தான்.

சுவர் பதில் சொல்லவில்லை.